வேல்ஸுக்கு அதிகாரப் பகிர்வைத் தவிர வேறு என்ன வழி? மாற்றுகளை எடைபோடும் முறை

வேல்ஸின் எதிர்காலத்தைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை பெயர்களில் தொடங்கிப் பெயர்களிலேயே முடிந்துவிடுகின்றன. ஒருவர் கூட்டாட்சி என்பார், இன்னொருவர் தனிநாடு என்பார், மூன்றாமவர் கார்டிஃபில் உள்ள நாடாளுமன்றத்தையே மூடிவிடலாம் என்பார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் எதை வைத்துப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் மூவரிடமும் தெளிவான பதில் கிடைப்பது அரிது. ரோவன் வில்லியம்ஸும் லாரா மெக்அலிஸ்டரும் இணைத் தலைவர்களாக இருந்த, வேல்ஸ் அரசு அமைத்த சுயேச்சை ஆணையம், 2024 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கையில், மேம்படுத்தப்பட்ட அதிகாரப் பகிர்வு, கூட்டாட்சி, தனிநாடு ஆகிய மூன்றுமே நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியவை என்று கூறியது. இப்போதுள்ள ஏற்பாடு மாற்றமின்றி நீடிக்க இயலாது என்றும் கூறியது. மூன்றும் சாத்தியம் என்றான பிறகு, தேர்ந்தெடுக்கும் வேலை படிப்பவர் தலையில்தான் விழுகிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

இருப்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

மாற்றைத் தேடுவதற்கு முன், எதற்கு மாற்று என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 'அதிகாரப் பகிர்வு' என்ற தமிழ்ச் சொல்லே இங்கே சிறிது ஏமாற்றிவிடுகிறது. பகிர்வு என்றால் இருவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது போன்ற ஒரு தோற்றம் எழுகிறது. வேல்ஸில் நடப்பது அதுவன்று. லண்டனில் உள்ள ஐக்கிய இராச்சியத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை முழுமையாகக் கையில் வைத்துக்கொண்டே அதில் ஒரு பகுதியை இரவலாகத் தந்திருக்கிறது. வேல்ஸ் மொழியில் இதற்கு வழங்கும் 'தத்கனோலி' என்ற சொல்லின் நேர்ப்பொருள் மையத்திலிருந்து விலக்குதல் என்பது; அதிலும் பங்கீடு என்ற பொருள் இல்லை. இறக்கித் தரப்பட்ட அதிகாரம் தந்தவர் கையிலேயே இருக்கும் அதிகாரம்தான் என்று பிரிட்டிஷ் அரசியல்வாதி ஈனக் பவல் சொன்னது எதிர்ப்புக் குரலாகத்தான் என்றாலும், சட்டப்படி அது சரியான விவரிப்பு.

பக்கத்தில் எழுத வேண்டிய செய்திகள் இவை. 1979 மார்ச் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வேல்ஸ் மக்கள் ஏறக்குறைய 80 விழுக்காடு வாக்குகளால் சட்டமன்ற யோசனையை நிராகரித்தார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று அதே யோசனை 50.3 விழுக்காட்டுடன், வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. முதலில் துணைச் சட்டங்கள் மட்டும் இயற்ற முடிந்த அந்த மன்றம், 2011 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினரின் ஒப்புதலோடு முழுச் சட்டங்கள் இயற்றும் உரிமையைப் பெற்றது. 2020இல் 'செனெத்' என்று பெயர் மாறியது. 60 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கையை 2026 தேர்தலிலிருந்து 96 ஆக உயர்த்தச் சட்டம் செய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டின் வேல்ஸ் சட்டம், மக்களின் வாக்கெடுப்பு இன்றி செனெத்தைக் கலைக்க முடியாது என்று அறிவிக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பும் வெஸ்ட்மின்ஸ்டரின் சாதாரணச் சட்டம் ஒன்றில்தான் இருக்கிறது. செனெத்தின் ஒப்புதலின்றி அதன் துறைகளில் 'வழக்கமாக' சட்டம் இயற்றுவதில்லை என்ற மரபும் அப்படித்தான்: அந்த மரபை நீதிமன்றத்தின் மூலம் நிலைநாட்ட முடியாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் செனெத் ஒப்புதல் மறுத்த நிலையிலேயே நிறைவேறியது. அந்த 'வழக்கமாக' என்ற ஒற்றைச் சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் பயன்படும்.

நான்கு கேள்விகளும் இரண்டு சோதனைகளும்

நான் முதன்முதலில் இந்த மாற்றுகளை ஒப்பிட முயன்றபோது பெயர்களை இடப்பக்கம் எழுதி, நன்மை தீமைகளை வலப்பக்கம் நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் கட்டங்கள் நிறைந்தன, ஒன்றும் விளங்கவில்லை. பெயர்களை ஒதுக்கிவிட்டுக் கேள்விகளை இடப்பக்கம் வைத்தபோதுதான் வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. கொடுத்ததை யார் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும், வரியை யார் வசூலித்து யாருக்குப் பங்கு தருகிறார்கள், வெளியுலகோடு யார் பேசுகிறார்கள், இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வர யார் யாருடைய சம்மதம் தேவை என்பவை அந்தக் கேள்விகள். நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேல்ஸ் மட்டும் விரும்பினால் போதும் என்ற மாற்று ஒன்றுகூட இல்லை.

கேள்விகள் மட்டும் போதா. ஒவ்வொரு மாற்றையும் நடந்த நிகழ்ச்சி ஒன்றின் மேல் வைத்து உரசிப் பார்க்க வேண்டும். நான் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ட்ரவெரின். வடக்கு வேல்ஸில் அந்தப் பள்ளத்தாக்கில் கேப்பெல் கெலின் என்ற சிற்றூர் இருந்தது. அஞ்சலகம், பள்ளி, வழிபாட்டுக்கூடம், சில பண்ணை வீடுகள். அங்கே பேசப்பட்டது வேல்ஸ் மொழி. லிவர்பூல் மாநகராட்சி தன் குடிநீர்த் தேவைக்காக அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட விரும்பியது. உள்ளூர்த் திட்ட அனுமதியைக் கேட்டு நிற்க வேண்டிய நிலையைத் தவிர்க்க, நேராக வெஸ்ட்மின்ஸ்டரில் தனிச் சட்டம் கோரி, 1957இல் பெற்றும்விட்டது. வேல்ஸ் உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் எதிர்ப்பு அங்கே எண்ணிக்கையில் கரைந்துபோனது. 1965இல் ஊர் நீருக்குள் மூழ்கியது. கல்லறையின் மேல் கான்கிரீட் ஊற்றப்பட்டது. 'ட்ரவெரினை மறவாதே' என்று வேல்ஸ் மொழியில் எழுதப்பட்ட சுவர் ஒன்று அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே சாலையோரத்தில் இன்றும் நிற்கிறது. இந்தச் சோதனையில் கேட்க வேண்டியது: நீங்கள் பரிசீலிக்கும் ஏற்பாட்டில் அந்த 1957 சட்டம் நிறைவேற முடியுமா?

இரண்டாவது எச்எஸ்2 எனப்படும் அதிவேக ரயில் பாதை. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் இந்தப் பாதையில் ஒரு மீட்டர்கூட வேல்ஸுக்குள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால் அதற்கு ஈடாக மக்கள்தொகை அடிப்படையில் வேல்ஸுக்கு ஒரு தொகை சேர வேண்டும் என்பது பார்னெட் சூத்திரம். ஆனால் ரயில் பாதைகள் அமைக்கும் அதிகாரம் ஸ்காட்லாந்திடமும் வட அயர்லாந்திடமும் இருக்கிறது, வேல்ஸிடம் இல்லை. ஆகவே எச்எஸ்2 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' திட்டம் என்று வகைப்படுத்தப்பட்டது. மற்ற இரு நாடுகளுக்கும் பங்கு கிடைத்தது, வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் க்ரூ நகர் வரை பாதை வந்தால் வடக்கு வேல்ஸ் பயணிகளுக்குப் பயன் உண்டு என்று ஒரு காரணம் சொல்லப்பட்டு வந்தது. 2023 அக்டோபரில் அந்தக் கிளை கைவிடப்பட்ட பிறகும் வகைப்பாடு அப்படியே இருந்தது. இந்தச் சோதனையில் கேட்க வேண்டியது: வகைப்படுத்தும் பேனா யார் கையில்?

பின்னோக்கிய வழி: வெஸ்ட்மின்ஸ்டருக்கே திரும்புவது

செனெத்தைக் கலைத்துவிட்டு, அதிகாரத்தை வெஸ்ட்மின்ஸ்டருக்கும் வேல்ஸின் 22 உள்ளாட்சி மன்றங்களுக்கும் தந்துவிடலாம் என்ற கோரிக்கை சிறிய குரலாக இருந்தாலும் நேர்மையாகப் பரிசீலிக்கத்தக்கது. செலவு குறையும், பொறுப்பு ஓரிடத்தில் இருக்கும் என்பது அதன் வாதம். இதை எடைபோட ஊகம் தேவையில்லை, ஏனென்றால் 1999க்கு முன் இருந்தது இதுவே. 1964இல் வேல்ஸுக்கென அமைச்சர் பதவி உருவாக்கப்பட்டு, ஜிம் கிரிஃபித்ஸ் முதன்முதலாக அதை ஏற்றார். அடுத்த ஆண்டு வேல்ஸ் அலுவலகம் தொடங்கியது. 1987 முதல் 1997 வரை அந்தப் பதவியில் அடுத்தடுத்து இருந்த பீட்டர் வாக்கர், டேவிட் ஹன்ட், ஜான் ரெட்வுட், வில்லியம் ஹேக் ஆகிய நால்வரும் இங்கிலாந்துத் தொகுதிகளின் உறுப்பினர்கள். ரெட்வுட் காலத்தில் 10 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை செலவிடப்படாமல் கருவூலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 1997 பொதுத்தேர்தலில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வேல்ஸில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஐந்து மாதங்களுக்குள் வாக்கெடுப்பு வென்றது.

ட்ரவெரின் சோதனையில் இந்த மாற்று வெளிப்படையாகத் தோற்கிறது. இந்த யோசனையை ஆதரிப்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, பழைய ஏற்பாட்டில் எதை மாற்றுவீர்கள் என்பதுதான். அமைச்சர் வேல்ஸ் தொகுதியிலிருந்துதான் வர வேண்டும், வேல்ஸ் உறுப்பினர்களின் குழுவுக்குத் தடுப்பு வாக்கு வேண்டும் என்பன போன்ற பதில் வந்தால் விவாதம் பயனுள்ளதாகும். வராவிட்டால் அது 1999க்கு முந்தைய நிலை மட்டுமே.

கூட்டாட்சி: இங்கிலாந்து என்ற சிக்கல்

தாளில் எழுதும்போது இதைவிட அழகான விடை இல்லை. எழுதப்பட்ட அரசியலமைப்பு, திரும்பப் பெற முடியாத அதிகாரப் பட்டியல், இரு அரசுகளுக்கும் இடையே நீதிமன்றம், நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் இரண்டாம் அவை. 'வழக்கமாக' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. ட்ரவெரின் சோதனையில் இது தேறும். நீர்வளம் நாடுகளின் பட்டியலில் இருக்கும் வரை வெஸ்ட்மின்ஸ்டரால் கைவைக்க முடியாது. (நடைமுறையில் இப்போதே ஓரளவு மாற்றம் உண்டு: வேல்ஸின் நீர்ச் சட்டங்களில் தலையிட மத்திய அமைச்சருக்கு இருந்த அதிகாரத்துக்குப் பதிலாக, 2017 சட்டத்தின் வழியில் இரு அரசுகளுக்கிடையே ஒரு நெறிமுறை வந்திருக்கிறது.) எச்எஸ்2 சோதனையில் மட்டும் விடை தானாக வராது. ரயில் எந்தப் பட்டியலில், நிதிப் பங்கீட்டை யார் தீர்மானிப்பது என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருந்தால்தான் தேறும். கூட்டாட்சி என்ற பெயர் பணச் சிக்கலைத் தீர்த்துவிடாது.

ஆனால் நான்காவது கேள்வியில் இந்த மாற்று திணறுகிறது. ஐக்கிய இராச்சியத்தின் மக்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் இங்கிலாந்தில் வாழ்கிறார்கள். வேல்ஸின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 31 லட்சம். இத்தனை பெரிய ஓர் உறுப்பைக் கொண்டு கூட்டாட்சி நடத்திய நாடுகள் மிகக் குறைவு. வைமர் ஜெர்மனியில் (1919–33) பிரஷ்யா என்ற மாநிலம் மக்கள்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு அளவே இருந்தது. அதுவே சமநிலையைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது. இங்கிலாந்தை ஒரே உறுப்பாக வைத்தால் அதன் அரசும் மத்திய அரசும் ஒன்றையொன்று மிதிக்கும். பல வட்டாரங்களாகப் பிரித்தால் அந்த வட்டார மக்கள் அதை விரும்ப வேண்டும். 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்தில் வட்டார மன்றத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் 77.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அரசியலமைப்பை ஆராய்ந்து 1973இல் அறிக்கை அளித்த கில்பிராண்டன் ஆணையமும் கூட்டாட்சியை ஏற்கவில்லை.

ஆகவே யாராவது கூட்டாட்சியைப் பரிந்துரைத்தால், வேல்ஸைப் பற்றிய பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு இங்கிலாந்தைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். அந்தப் பகுதி ஒரு பத்திக்குள் முடிந்துவிட்டால், அந்தப் பரிந்துரை இன்னும் முடிவடையவில்லை என்று பொருள். என் கணிப்பில், மாற்றுகளிலேயே அதிகம் பேசப்படுவதும் மிகக் கடினமான சம்மதத்தைக் கேட்பதும் இதுதான்.

கூட்டிணைப்பு

இதில் நாடுகள் ஒவ்வொன்றும் இறைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பாதுகாப்பு, நாணயம் போன்ற சிலவற்றை மட்டும் உடன்படிக்கையின் மூலம் பொதுவில் நடத்துகின்றன. அதிகாரத்தின் திசை தலைகீழாகிறது. இப்போது இரவல் தருவது வேல்ஸ். செர்பியாவும் மாண்டினீக்ரோவும் 2003இல் இத்தகைய ஓர் ஒன்றியத்தை அமைத்தன. 2006 மே மாதத்தில் 55 விழுக்காடு என்ற வரம்பைச் சற்றே தாண்டிய 55.5 விழுக்காட்டு வாக்குடன் மாண்டினீக்ரோ வெளியேறியது. கூட்டிணைப்புகள் பெரும்பாலும் இறுகி ஒரே நாடாகும் அல்லது கலையும். இதைப் பரிசீலிப்பவர் வெளியேறும் விதியை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இணைந்தும் இணையாமலும்

மான் தீவு, ஜெர்சி, குவெர்ன்சி ஆகியவை ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல. பிரிட்டிஷ் அரச முடியின் கீழ் உள்ள சார்பு நாடுகள். வரியும் உள்நாட்டுச் சட்டமும் அவற்றுடையவை. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டனுடையவை. வெஸ்ட்மின்ஸ்டரில் அவற்றுக்கு உறுப்பினர் இல்லை. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மான் தீவின் மறைமுக வரி வருவாய் லண்டனுடன் செய்துகொண்ட பங்கீட்டு ஒப்பந்தத்தைச் சார்ந்தது. 2009இல் லண்டன் அந்தப் பங்கீட்டை மாற்றியபோது தீவின் வருவாய் கடுமையாகச் சரிந்தது. ஏறத்தாழ 84,000 பேர் வாழும், நிதித்துறையில் தழைக்கும் ஒரு தீவுக்குப் பொருந்தியது, நிகர நிதி வரவைச் சார்ந்து நிற்கும் 31 லட்சம் பேருக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுதந்திர இணைவு இன்னும் ஒரு படி மேலானது. 1960இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய 1541ஆம் தீர்மானம், தன்னாட்சி இல்லாத ஒரு பகுதி முழுத் தன்னாட்சியை எட்டுவதற்கு மூன்று வழிகளைக் குறிப்பிடுகிறது: தனிநாடாவது, வேறொரு நாட்டுடன் சுதந்திரமாக இணைந்திருப்பது, வேறொரு நாட்டோடு சமநிலையில் கலந்துவிடுவது. காலனிகளுக்காக எழுதப்பட்ட அந்தத் தீர்மானம் வேல்ஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழிகளைப் பிரித்துப் பார்க்க நல்ல அளவுகோல். 1965 முதல் நியூசிலாந்துடன் இப்படி இணைந்திருக்கும் குக் தீவுகளின் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமையை வைத்திருக்கிறார்கள், தம் சட்டங்களைத் தாமே இயற்றுகிறார்கள், விரும்பினால் விலகலாம். 2025இல் அந்த அரசு சீனாவுடன் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது, தன்னோடு முறையாகக் கலந்து பேசவில்லை என்று கூறி நியூசிலாந்து தன் நிதியுதவியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. அதிகாரம் உங்களுடையது, பணப்பை அவர்களுடையது என்பதன் விளைவு இது. ட்ரவெரின் சோதனையில் இந்த மாற்று முழுதாகத் தேறும்; பணச் சோதனையில் ஆண்டுதோறும் மறுதேர்வு எழுத வேண்டியிருக்கும்.

தனிநாடு: கணக்கைப் படிக்கும் விதம்

கொடுத்ததை யார் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு இங்கே ஒரே வரியில் பதில் முடிந்துவிடுகிறது. உழைப்பு முழுவதும் பணத்திலும் சம்மதத்திலும் இருக்கிறது. சம்மதத்தைப் பொறுத்தவரை, வெஸ்ட்மின்ஸ்டரின் இசைவின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் விடுதலை வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 23 அன்று தீர்ப்பளித்தது. ஒன்றியம் பற்றிய விஷயம் வேல்ஸ் சட்டத்திலும் அதே போல ஒதுக்கி வைக்கப்பட்டதே. ஆனால் கூட்டாட்சியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: தனிநாட்டுக்கு லண்டனின் அனுமதி வேண்டுமே தவிர, இங்கிலாந்து தன்னை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, வேல்ஸில் வசூலாகும் வரிக்கும் வேல்ஸுக்காகச் செய்யப்படும் செலவுக்கும் இடையே பல பில்லியன் பவுண்டு பள்ளம் இருப்பதாக அதிகாரப்பூர்வக் கணக்குகள் காட்டுகின்றன. இரு தரப்பாரும் அந்த ஒற்றை எண்ணை எடுத்துச் சண்டையிடுவார்கள். நீங்கள் அதை உடைத்துப் படியுங்கள். அந்தச் செலவில் பாதுகாப்பு, தேசியக் கடன் வட்டி போன்றவை வேல்ஸில் செலவானவை அல்ல. மக்கள்தொகை விகிதப்படி வேல்ஸின் தலையில் எழுதப்பட்ட பங்குகள். தனிநாட்டின் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் அவை அப்படியே வர வேண்டும் என்பதில்லை, பேச்சுவார்த்தையில்தான் முடிவாகும். அயர்லாந்து சுதந்திர அரசு 1925 டிசம்பர் உடன்பாட்டில் வட அயர்லாந்துடனான எல்லையை ஏற்றுக்கொண்டு பிரிட்டனின் பொதுக்கடனில் தன் பங்கிலிருந்து விடுபட்டது. மறுபுறம், ஓய்வூதியமும் மருத்துவமும் கற்பனைப் பங்குகள் அல்ல; மாதாமாதம் கையில் கொடுக்க வேண்டியவை. எந்த வரி எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்களே குறித்துக்கொண்டால், பள்ளம் சுருங்கும், ஆனால் மறையாது என்பது தெரியும். மறைந்துவிடும் என்பவரையும், ஒரு பைசாகூடக் குறையாது என்பவரையும் ஒரே அளவு சந்தேகத்தோடு கேட்கலாம்.

பிறகு எல்லை. போவிஸ் மாவட்டத்துக்குள் பெரிய பொது மருத்துவமனை கிடையாது. அங்குள்ள பலர் அறுவைச் சிகிச்சைக்கு எல்லையைத் தாண்டி ஷ்ரூஸ்பரிக்கோ ஹெரஃபோர்டுக்கோ செல்கிறார்கள். தனிநாட்டுத் திட்டம் எதைப் படித்தாலும் அந்த நோயாளியின் பயணத்தை அதில் தேடுங்கள்: யார் கட்டணம் செலுத்துகிறார், எந்த ஒப்பந்தத்தின் கீழ், தகராறு வந்தால் யாரிடம் போவது. கொடி, தூதரகம் பற்றிய அத்தியாயங்களைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

கடைசியாக, இடைக்காலப் பக்கம்

எந்த மாற்றைத் தேர்ந்தாலும், இன்றைய நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போகும் நாட்களுக்கெனத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே சட்ட எல்லையாக இருப்பது 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் காலத்திலிருந்து வருவது. நீதிமன்றமும் காவல்துறையும் இன்றும் செனெத்திடம் இல்லை. அவற்றைப் பிரிப்பதற்கான கால அட்டவணை கூட்டாட்சிக்கும் வேண்டும், தனிநாட்டுக்கும் வேண்டும். நாணயத்தைப் பற்றி இரண்டு முன்னுதாரணங்களை அருகருகே வைத்து எழுதுங்கள். அயர்லாந்தின் பவுண்டு 1979 மார்ச் வரை ஸ்டெர்லிங்குடன் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பிலேயே கட்டப்பட்டிருந்தது. செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தபோது பொது நாணயத்தைச் சில மாதங்களாவது தொடர்வதாக ஒப்புக்கொண்டன. மக்கள் பணத்தை எல்லை தாண்டி மாற்றத் தொடங்கவே, பிப்ரவரி 8 அன்று நாணயம் இரண்டானது. ஸ்லோவாக்கியா தன் புதிய நோட்டுகள் அச்சாகி வரும் வரை பழைய செக்கோஸ்லோவாக்கிய நோட்டுகளின் மேல் முத்திரை வில்லை ஒட்டி வெளியிட்டது. உங்கள் பக்கத்தில் அந்த வில்லைக்கு இணையானது எது, அதை யார், எந்த நாளுக்குள் தயாரித்து வைப்பார் என்பதையும் எழுதிவிடுங்கள்.